ஸ்டெபிலைசருக்குப் பின்னால் உங்கள் இடது செருப்பு

சார்,

உங்கள் இடது கால் செருப்பு கிடைத்துவிட்டது. ஏ.சி.யின் ஸ்டெபிலைசருக்கும் சுவருக்கும் நடுவில், தூசிக்குள் மல்லாக்கக் கிடந்தது. கம்ப்யூட்டர் ரூமை மாடிக்கு மாற்றுகிறார்கள். ஸ்டெபிலைசரை நகர்த்தியவர்கள் "எலி, எலி" என்று கத்தினார்கள். எட்டிப் பார்த்தேன். எலி இல்லை, நீங்கள்.

பழுப்புத் தோல். கட்டைவிரல் வார் ஒரு முறை அறுந்து தைத்தது. குதிகாலில் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. தூசியைத் தட்டியதும் உங்கள் தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. செருப்பில் எப்படித் தைல வாசனை வரும் என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தலையும் காலும் சேர்ந்தே வலித்திருக்கலாம். எனக்குத் தெரிந்து இரண்டையும் வலிக்க வைத்தவள் நான்தான்.

செத்துப்போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். யோசித்துப் பார்த்தேன், மூன்றுதான் தேறியது: சரியான நேரத்துக்கு வருவீர்கள். மீதி எல்லாம் சண்டை. அதனால் சண்டையையே எழுதுகிறேன். இந்தத் தடவை நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு வசதி.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நான் வந்தபோது எனக்குப் பதினெட்டு. ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு, அப்பாவுக்கு டிஃபென்ஸ் ஃபேக்டரி வேலை, கையில் பிளஸ் டூவும் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும். கோர்ஸில் ஒரு மெஷினுக்கு ஆறு பேர். என் முறை வரும்போது கரண்ட் போய்விடும். ஒரு முழுக் கம்ப்யூட்டர் நாள் பூராவும் என் முன்னால் இருக்கும் என்று உங்கள் ரூமுக்குள் வந்த அன்றைக்குத்தான் நம்பினேன். ஆறு மாதம் சோதனைக் காலம் என்றார்கள். அது முடிந்ததும் நிரந்தரம், இல்லையென்றால் வாசல்.

வாசலைத்தான் நீங்கள் முதலில் காட்டினீர்கள். "செருப்பு வெளிய. தூசி வந்தா மெஷினுக்கு ஜுரம் வரும்." மேனேஜர்கூட வெறுங்காலோடுதான் உள்ளே வருவார். கழுத்தில் பாம்பு மாதிரி சாவிக் கயிறு தொங்க, நீங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் உங்களுக்கு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டேன்: பாஸ்வேர்டு பரமசிவம். நீங்களும் சும்மா இருக்கவில்லை. என் பெயரைக் கேட்டுவிட்டு, "பிரின்சியா? பிரிண்ட் எடுக்கற பிரின்சி. அதுக்கு மேல எதையும் தொடாதே" என்றீர்கள்.

ஸ்டோரில் எத்தனை தகடு இருக்கிறது, தகட்டை அடித்து வண்டிப் பாகமாக்கும் பிரஸ்களில் எதில் எது ஓடுகிறது, எது லாரி ஏறியது, எல்லாவற்றையும் சொல்லும் சாஃப்ட்வேரை நீங்கள் ஒருவரே எழுதியிருந்தீர்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஒன்பது வரி மெனு. ஒன்பதாவது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கு எட்டு போதும்." நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அதைவிட நீளமான பதில் வந்ததில்லை.

பதில் வராத இடத்தில் நான் வேலையைக் காட்டினேன். காலையில் நீங்கள் மெஷினைப் போட்டதும், ஆங்கில எழுத்தில் அழகான தமிழில், "செருப்பைக் கழட்டினீங்களா?" என்று திரை கேட்கும். ஒரு வாரம் நீங்கள் என்டர் தட்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஏப்பம் விட்டது. சர்வீஸ்காரரைக் கூப்பிட்டீர்கள். அவர் தட்டினால் விடாது. "உங்க கை விரல்ல ஏதோ கீது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் செருப்பு. வாரம் ஒரு நாள், எப்போதும் இடது மட்டும். இரண்டையும் எடுத்தால் அது திருட்டு. ஒன்றை மட்டும் எடுத்தால் கலை. தீயணைக்கும் வாளிக்குப் பின்னால், காலிப் பேப்பர் டப்பாவில், பேக்கிங் பெட்டியில் என்று ஒவ்வொரு தடவையும் தேடித் தேடிக் கண்டுபிடிப்பீர்கள். ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் தோற்றதாகிவிடும் என்று இருவருக்குமே ஒரு கணக்கு.

உங்கள் பக்கத்துக் கலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு எழுத்து தப்பு என்றால் அன்றைக்கு முழுக்க நான் ஏற்றியதை அழித்து, மறுபடி ஏற்றச் சொல்வீர்கள். புத்தகங்களைப் பீரோவில் பூட்டி வைப்பீர்கள். ஐந்தாவது மாதத்தில் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டீர்கள். சீட்டில் எழுதி என் மானிட்டரில் ஒட்டுவீர்கள். அதன் கீழேயே நானும் பதில் எழுதித் திருப்பி ஒட்டுவேன். பத்தடி அகல ரூமில் தபால் நடந்தது.

என்னைப் பற்றி மேனேஜருக்கு எழுதிய ரிப்போர்ட்டை நீங்கள் பிரிண்ட் கொடுத்தது உங்கள் வாழ்க்கையின் பெரிய காமெடி. பிரிண்டர் என் மேஜையில்தான் இருந்தது என்பதை மறந்துவிட்டீர்கள். கர் கர் என்று ஒவ்வொரு வரியாக வந்தது. கவனம் இல்லை. விளையாட்டுப் புத்தி. நிரந்தரம் செய்யச் சிபாரிசு செய்யவில்லை. நானே கிழித்து, ஓரத்து ஓட்டைப் பட்டையை நீக்கி, மடித்து உங்களிடம் நீட்டினேன். "நல்லா வந்திருக்கு சார். மங்கலா இருந்தா ரிப்பன் மாத்தவா?" முகம் சிவந்தீர்கள். ஆனால் கிழித்துப் போடவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

அந்த வாரம்தான் ஃபிளாப்பி வந்தது. வண்டியின் இரண்டு பக்கமும் மாட்டும் தகட்டு பிராக்கெட்டை நம்மிடம் வாங்கும் பெரிய வண்டிக் கம்பெனி, இனிமேல் ஆர்டரைப் பேப்பரில் அனுப்பாதாம். மேனேஜர் வெறுங்காலோடு வந்து ஃபிளாப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"வாராவாரம் இதுலதான் வருமாம். அவங்க சாஃப்ட்வேர் போடறதை நம்ம சாஃப்ட்வேர் நேரா எடுத்துக்கணும். முடியுமா?"

"முடியாது சார்" என்றீர்கள். "அது வேற, நம்மது வேற. அடுத்தவன் ஃபைல் அழுக்குச் செருப்பு மாதிரி. வெளியவே விட்டுட்டு வரணும். வழக்கம்போல பிரிண்ட் எடுத்து நானே கையால ஏத்திடறேன்."

"ஒரு வாரம் போதும் சார், நான் செய்யறேன்." இதைச் சொன்னது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். என் வாய்தான்.

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "செஞ்சுட்டா நீ நிரந்தரம். இல்லைன்னா சார் எழுதினதுல கையெழுத்துப் போட்டுடறேன்."

இரண்டு சாஃப்ட்வேருக்கும் நடுவில் ஒரு பாலம். அவ்வளவுதான் வேலை. அது நின்றால் நான் அந்த ரூமில் இருப்பேன். விழுந்தால் ஆவடி பஸ். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் தொட எனக்கு வேறு வழியே கிடையாது. உங்களுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அந்த வாரம் நீங்கள் எழுதிய ஒரு சீட்டை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

புதன்கிழமை. என் திமிரை எல்லாம் மடித்து வைத்துவிட்டு எழுதி ஒட்டினேன்: "சார், அவங்க நம்பரை நம்ம நம்பரோட சேர்க்கும்போது நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" அரை மணி நேரம் கழித்துச் சீட்டு என் மானிட்டருக்குத் திரும்பி வந்தது. கீழே உங்கள் கோழிக்கிறுக்கல்: "நீயே கண்டுபிடி."

கண்டுபிடிக்க வேண்டியது என்ன என்று இன்றைக்குத் தெரியும். ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் அவர்கள் தரும் நம்பரில் ஒன்பது எழுத்து. இடது பக்கத்துப் பிராக்கெட்டா, வலது பக்கத்துப் பிராக்கெட்டா என்று கடைசி எழுத்துதான் சொல்லும். நம் சாஃப்ட்வேரில் அவர்கள் நம்பருக்கு நீங்கள் விட்டிருந்த இடம் எட்டு எழுத்துதான். நீங்கள் கையால் ஏற்றும்போது ஒன்பதாவதைக் கண்ணால் பார்த்து, இடதை இடதுக்கான வரியிலும் வலதை வலதுக்கான வரியிலும் போட்டுவிடுவீர்கள். எத்தனையோ வருஷமாக, வாராவாரம், ஒரு தப்பு இல்லாமல். அது எந்த நோட்டிலும் இல்லை. உங்கள் மண்டைக்குள் இருந்தது. மண்டைக்கும் பாஸ்வேர்டு.

என் பாலம் ஒன்பதாவது எழுத்தை நறுக்கென்று வெட்டியது. வெட்டிய பிறகு இடதும் வலதும் ஒரே நம்பர். தேடிப்போன புரோகிராம் முதலில் கண்ணில் பட்ட இடதோடு நின்றுவிட்டது. வலதின் எண்ணிக்கையையும் இடதின் தலையில் கட்டியது. மொத்தம் மட்டும் கனகச்சிதமாக ஒத்துப்போனது. அந்த மொத்தத்தைப் பார்த்துத்தான் நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். நீங்கள் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டீர்கள்.

அடுத்த வாரம் முழுக்க பிரஸ்கள் இடதையே அடித்தன. ஒரு வாரம் இடது, ஒரு வாரம் வலது என்று ஓட்டுவது உண்டென்பதால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்தது பேக்கிங்கில் இருந்த முனுசாமி அண்ணாத்தேக்கு. பாடியிலிருந்து சைக்கிளில் வருவாரே, அவர். சனிக்கிழமை லாரி நிற்கும்போது லிஸ்ட்டோடு வாசலுக்கு வந்து, செருப்போடு உள்ளே வரக்கூடாது என்பதால் வெளியே நின்றே கூப்பிட்டார்.

"இன்னா பிரின்சி, லிஸ்ட்ல எல்லாம் லெஃப்டாவே கீது? வண்டிக்கு ஒரு பக்கந்தானா? ரைட்டு பொட்டி ரேக்ல தூங்கிகினு கீது."

"மொத்தம் சரியா இருக்கு அண்ணாத்தே. கம்ப்யூட்டர் சொல்லுது, நீங்க ஏத்துங்க."

"கம்ப்யூட்டரா வந்து மாட்டப் போவுது? சார ஒரு வார்த்தை கேளேன்."

"அவரக் கேட்டா நான் ஜெயிச்ச மாதிரியா?"

"சரி, நான் கேக்கட்டா?"

"கேட்டீங்கன்னா உங்களோட பேசவே மாட்டேன்."

"அட தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய் ஏற்றினார். நீங்கள் அப்போது சாப்பிடப் போயிருந்தீர்கள். இந்தப் பேச்சு உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் இடது செருப்பை ஸ்டெபிலைசர் மேலே, பின்பக்கமாகச் செருகி வைத்தேன். ஜெயித்த சந்தோஷம். பத்து மணிக்கு போன் வந்தது. அங்கே வலது பிராக்கெட் இல்லாமல் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, வேலையே நின்றுவிட்டது என்று. பத்தே காலுக்கு மேனேஜர் வந்தார். அன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார், ஆனால் உதறிக் கழற்றினார். பின்னாலேயே முனுசாமி அண்ணாத்தே.

"எப்படி ஆச்சு?"

நீங்கள் எழுந்து நின்றீர்கள். ஒன்பதாவது எழுத்தை அப்போது விளக்கினீர்கள், தெளிவாக, ஒரு நிமிஷத்தில். அந்த ஒரு நிமிஷம் புதன்கிழமை எங்கே போயிருந்தது சார்? அதோடும் விடவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்கலை சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

உங்கள் சீட்டுகளை எல்லாம் நான் சேர்த்து வைத்திருந்தேன். மாட்டிவைப்பதற்காக இல்லை. உங்கள் கையெழுத்தைப் பழகி, உங்கள் பெயரில் லீவ் லெட்டர் எழுதி மேனேஜருக்கு அனுப்பலாம் என்று ஒரு திட்டம். அந்தக் கட்டிலிருந்து புதன்கிழமைச் சீட்டை உருவி மேஜையில் வைத்தேன். மேலே என் கேள்வி. கீழே நீங்கள்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். தைல டப்பாவைத் திறந்தீர்கள், தடவாமல் மூடினீர்கள்.

"இத்தனை பேர் இருக்கீங்க. லோடு ஏத்தும்போது ஒருத்தர் கண்ணுலயுமா படலை?"

முனுசாமி அண்ணாத்தே என்னைப் பார்த்தார். ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தார். "தெரியலீங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எந்நேரமும் திறந்தே கிடக்கும் வாய், அன்றைக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மூடிக்கொண்டது.

"சாவியை அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க" என்றார் மேனேஜர்.

கழுத்திலிருந்து கயிறைக் கழற்றும்போது அது உங்கள் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. நான் எடுத்துவிடவில்லை. நீங்களே விடுவித்து மேஜையில் வைத்தீர்கள். டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். வாசலில் குனிந்தீர்கள். வலது மட்டும் இருந்தது. நிமிர்ந்து, கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். தீ வாளிக்குப் பின்னால் தேடவில்லை. பேப்பர் டப்பாவில் தேடவில்லை. வலதை எடுத்து டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தீர்கள்.

மே மாதம். எஸ்டேட் ரோட்டில் தார் இளகி மின்னியது. மரத்தடி வரும்வரை வேகமாக, மரத்தடியில் நின்று, மறுபடி வேகமாக என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் வெறுங்காலில் போனீர்கள். காட்டுப்பாக்கம் போக உங்களுக்கு இரண்டு பஸ். ஜன்னலில் நின்றுகொண்டு நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்: கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அது உங்கள் வசனம் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் நீங்கள் வரவில்லை. ஸ்டெபிலைசர் மேலே கையை விட்டுத் துழாவினேன். செருப்பு இல்லை. யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். நான் நிரந்தரம் ஆனேன். சாவிக் கயிறு என் கழுத்துக்கு வந்தது. எட்டை ஒன்பதாக்கினேன். மெனுவின் ஒன்பதாவது வரியையும் திறந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை, "பின்னர்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். என்ன எழுத நினைத்தீர்கள் என்று தெரியவில்லை. எரிச்சலாக வந்தது.

தை மாதம் நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. நெஞ்சுவலியாம். முனுசாமி அண்ணாத்தே போனார். நான் வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். மேனேஜர் புதுச் சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார். ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிறது. அதை நம்முடையதோடு சேர்ப்பதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், டையெல்லாம் கட்டிக்கொண்டு. உங்கள் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருங்க இந்தக் குப்பையை எழுதினது?" என்றார். "உங்களால படிக்க முடியலைன்னா அது குப்பையா?" என்று கேட்டுவிட்டேன். உங்களுக்காக இல்லை. உங்களைத் திட்டும் உரிமையை நான் இன்னும் யாருக்கும் பங்கு போட்டுத் தரவில்லை.

மதியம் அவர் கேட்டார்: "மேடம், உங்க நம்பர்ல நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

மேடம்! இருபது ஆக எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கேள்வி அட்சரம் பிசகாமல் என்னுடையது. அவர் வேலை முடிந்தால் இந்த ரூமில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. என் நாக்கு மேலண்ணம் வரைக்கும் போய்விட்டது சார். "நீயே" தயாராக இருந்தது. "கண்டுபிடி" பின்னால் வரிசையில் நின்றது. அந்தப் புதன்கிழமை அரை மணி நேரம் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அப்போது புரிந்தது. புரிந்தது, அவ்வளவுதான். மன்னிக்கவில்லை.

எழுந்து போய் முனுசாமி அண்ணாத்தேவைக் கூட்டிவந்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளே அழைத்து, உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தேன். எது இடது, எது வலது, எது ஜோடியாகப் போக வேண்டும், எது தனியாகப் போகலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் எழுத எழுத, டைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பக்கம் வந்தது. பின்னால் என் கையெழுத்தும் போட்டேன். அண்ணாத்தே நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு நா சொன்னத சொல்லிருக்கலாம்மே" என்றார். திட்டக்கூட இல்லை. "சொல்லியிருக்கலாம் அண்ணாத்தே" என்றேன்.

அண்ணாத்தே அன்றைக்கே எச்சரித்ததை மேனேஜரிடம் நேற்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் கழித்து எதற்கு இது என்பதுபோல் பார்த்தார். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இல்லை, இந்த வசனம் வேண்டாம். கேட்காமலே மேஜையில் வைத்தேன், "இருக்கட்டும், வேலையப் பாரு" என்றார்.

இன்றைக்குச் செருப்பு கிடைத்தது. தூசி தட்டி, துணியால் துடைத்து, மாடியில் புது ரூம் வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணாத்தே லிஸ்ட் வாங்க வந்தவர் நின்றுவிட்டார்.

"இன்னா பிரின்சி இது? அவுருதாச்சே. ஒத்த செருப்பு இங்க இன்னா பண்ணுது?"

"ஆள் உள்ளதான் இருக்காரு அண்ணாத்தே. எவ்வளவு தள்ளினாலும் போக மாட்டேங்கறாரு."

அவர் சிரிக்கவில்லை. தன் செருப்பைக் கழற்றி உங்களுடையதற்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, லிஸ்ட்டைச் சரிபார்க்க உள்ளே வந்தார்.

இப்படிக்கு,
பிரிண்ட் எடுக்கற பிரின்சி